பார்த்தார், காணவில்லை

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் கனடாவில், மொன்றியலில் மூன்று கடை போட்டேன். வடகடலின் எரிமலைத் தீவுகளுக்குப் பறவை பார்க்கப் போகும் கப்பலிலும் சொந்த உழைப்பில்தான் ஏறினேன். அதில் என்னைத் தவிர ஒரேயொரு தமிழர் இருந்தார். என்னிலும் மூத்தவர், மெட்ரோ ரயில் ஓட்டி ஓய்வுபெற்றவர். ஆயுளில் பாதியை நிலத்துக்குக் கீழே கழித்த மனிதர்.

தடித்த கண்ணாடி, கழுத்தில் பைனாகுலர், கையில் ஒரு கொப்பி. கண்ட பறவை ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு வரி எழுதுவார். வெள்ளை மீசை வைத்த ஒரு சின்னக் கடற்குருவிக்காகவே வந்திருந்தார். கடைசி நாள் காலையில் அது கப்பலருகே வந்தது. எனக்கு வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. அவர் பைனாகுலரைத் திருப்புவதற்குள் தண்ணீருக்குள் போய்விட்டது.

"கண்டியளோ அண்ணை?"

"பார்த்தனான். காணேல்லை."

"நான் கண்டனான்தானே, எழுதுங்கோ. ஆர் கேக்கப் போயினம்?"

"அது உங்கட குருவி, தம்பி. என்ர கொப்பிக்கு வராது" என்று சிரித்தார். தீவின் பெயரை மட்டும் எழுதி, மிச்ச வரியை வெறுமையாக விட்டார்.

கடைக்கு வருகிறவர்களிடம் அந்தக் குருவியின் மீசையை நான் நாளுக்குநாள் நீட்டிக்கொண்டுதான் போகிறேன். அவரும் கண்டார் என்று சொல்லத்தான் வாய் வருவதில்லை.