நானே போட்ட பூட்டு

மகள் கட்டாருக்கு வேலைக்குப் போகும்போது கம்ப்யூட்டரைத் தமிழில் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள். ஞாயிறுதோறும் அதில்தான் அவள் முகத்தைப் பார்ப்பேன். பக்கத்து வீட்டுச் செல்வி வந்து திறந்து தருவாள். கூடவே உட்கார்ந்து சிரிப்பாள்.

ஒரு ஞாயிறு அது திறக்காமல் நம்பர் கேட்டது. முன்பு அப்படிக் கேட்டதே இல்லை.

“நீதானே பூட்டி வச்ச?” என்றேன்.

“நான் ஏங்க்கா பூட்டப் போறேன்?” என்று செல்வி எழுந்து போய்விட்டாள்.

வத்தேகம டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைப் பெண் பார்த்துவிட்டு, “இது தானாவே அப்டேட் ஆகியிருக்கும்மா. அப்ப புது நம்பர் ஏதும் கேட்டிச்சா?” என்றாள்.

கேட்டதுதான். அதற்கு முந்தின புதன்கிழமை, மகள் நினைப்பு வந்து நானே திறந்தபோது கேட்டது. தேயிலைத் தோட்டத்தில் நம்பர் கேட்டால், பேர் பதியும் செக்ரோல் நம்பரைத்தான் சொல்வோம். முப்பது வருசப் பழக்கம். அதையே போட்டேன், மறந்தும் போனேன்.

கடைப் பெண்ணிடம் சொன்னேன், அவள் அந்த நம்பரை அடித்தாள். திறந்துகொண்டது.

நேரே செல்வி வீட்டுக்குப் போனேன். “தப்பு என்னோடதுதான் செல்வி.”

“பரவால்லக்கா” என்றாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

இப்போது நானே திறக்கிறேன். “செல்வி அக்கா எங்கம்மா?” என்று மகள் கேட்கிறாள். வேலையாம் என்கிறேன். அன்றைக்கு என் நம்பரை ஒருமுறை அடித்துப் பார்த்திருக்கலாம். வாய் முந்திவிட்டது.