மாமியின் அடுப்புச் சாம்பல்

எங்கே அழுக்கைக் கண்டாலும் என் கை சும்மா இராது. விருந்துக்குப் போன வீட்டிலும் பேசிக்கொண்டே மேசையைத் துடைத்துவிடுவேன். என் கணவர் இதை ஒரு வியாதி என்பார். நான் பெருமை என்றுதான் நினைத்திருந்தேன், இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு வியாழக்கிழமை மாமியின் சாம்பலைக் கழுவி ஊற்றும் வரைக்கும்.

மாமி என் கணவரின் அம்மா. ஒகினாவாத் தீவில் பிறந்து, கல்யாணம் முடித்த கையோடு ரொறன்ரோவுக்கு வந்தவர். யாராவது அவரை யப்பான்காரி என்றால் முகம் சுருங்கிவிடும். "ஒகினாவா" என்று திருத்துவார், அதற்கு மேல் விளக்கமாட்டார். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் யப்பானிய மொழியை விட்டு வீட்டு மொழி பேசுகிற பிள்ளையின் கழுத்தில் தண்டனையாக ஒரு பலகையைத் தொங்கவிடுவார்களாம். அந்தப் பலகை மாமியின் கழுத்திலும் தொங்கியிருக்கிறது. அதனாலோ என்னவோ, இங்கே பிறந்த ஒரே மகனுக்கு அந்த மொழியில் ஒரு சொல்கூட அவர் சொல்லிக் கொடுக்கவில்லை. மாமியும் நானும் பேசுவது ஆங்கிலத்தில். இரண்டு பேருக்கும் அது இரவல்தான், எப்படியோ சமாளித்துக்கொண்டோம்.

மாமனார் இறந்த பிறகு மாமி விட்பியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். முதல் மாதம் இருவரும் மரியாதையாக ஒதுங்கி ஒதுங்கி நடந்தோம். எங்களைச் சேர்த்துவைத்தது பாவற்காய். ஸ்காபரோ தமிழ்க் கடையில் நான் வாங்கிவந்த பையைத் திறந்து, ஒரு காயை எடுத்து மணந்து பார்த்தார். நடுவால் கீறி, விதையை வழித்து, உப்பில் பிரட்டிப் பிழிந்தார். என் அம்மா செய்கிற அதே வேலை. அதற்குப் பிறகுதான் வழி பிரியும். அம்மா தேங்காய்ப்பால் விடுவார். மாமி தோஃபு என்கிற சோயாக் கட்டியும் முட்டையும் பன்றி இறைச்சியும் போட்டு வறுப்பார். வெள்ளிக்கிழமை நான் மரக்கறி என்பதை அவராகவே கவனித்து, அன்றைக்கு மட்டும் எனக்குத் தனிச் சட்டியில் தோஃபுவோடு நிறுத்திக்கொள்வார். என் விரதத்தை அந்த வீட்டில் நினைவு வைத்திருந்தது அவர் ஒருவர்தான்.

குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பீங்கான் கிண்ணம் வைத்திருந்தார். வாய் வரைக்கும் சாம்பல். அருகே ஒரு சிறிய கோப்பையில் தண்ணீர், கொஞ்சம் உப்பு, ஒரு பச்சைக் கொப்பு. அதுதான் அவர்களுடைய அடுப்புத் தெய்வம். சந்திர மாதத்தின் முதலாம் நாளும் பதினைந்தாம் நாளும் அந்தச் சாம்பலில் கறுப்பு ஊதுபத்தியைக் குத்திவைத்து, தன் மொழியில் நீளமாகப் பேசுவார். எங்கள் பெயர்கள், பிறந்த வருடங்கள், வீட்டு நம்பர், தெரு, விட்பி, ஒன்ராறியோ என்று தபால் குறியீடு வரைக்கும் ஒப்பிப்பார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சாமிக்கு எதற்கு மாமி தபால் குறியீடு?"

"சொல்லாவிட்டால் எப்படித் தெரியும்?" என்றார்.

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வீட்டில் நடக்கிற நல்லது கெட்டதை அந்தத் தெய்வம்தான் ஒகினாவாவில் இறந்துபோன மூத்தவர்களிடம் கொண்டுபோய்ச் சொல்லும். மாமனார் இறந்த அன்றும் மாமி முதலில் கிண்ணத்துக்கு முன்னால் நின்று அதைச் சொல்லிவிட்டுத்தான் அழுதாராம்.

ஒருநாள் கிண்ணத்தைக் காட்டி, "எனக்குப் பிறகு இது உனக்கு" என்றார். மகனுக்குப் போகாதாம், மகனின் மனைவிக்குத்தானாம். அப்போது எனக்கு மிசிசாகாவில் வேலை. காரில் போய்வரவே அரைநாள் தின்றுவிடும். மடிக்கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் சரி சரி என்று தலையாட்டினேன். உள்ளே இருப்பது என்ன, எங்கிருந்து வந்தது, நான் என்ன செய்யவேண்டும் என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பார்.

மாமிக்கு இடுப்பில் ஒப்பரேஷன் நடந்தது. நாலு நாள் ஆஸ்பத்திரி, வெள்ளிக்கிழமை வீட்டுக்கு விடுவதாகச் சொன்னார்கள். வியாழக்கிழமை எனக்கு ஒத்தாசைக்கு ஸ்காபரோவிலிருந்து அம்மா வந்தார். வெள்ளிக்கு முதல் நாள் சாமி விளக்கையும் தட்டையும் புளி போட்டு மினுக்குவது எங்கள் வீட்டுப் பழக்கம். எல்லாம் மினுக்கி முடித்த அம்மாவின் கண் கிண்ணத்தில் விழுந்தது.

"உதென்ன பிள்ளை, சாம்பல் நிரம்பி வழியுது? சாமிச் சாமானை உப்பிடியே வைக்கிறது?"

"அது மாமியின்ரை சாமான், அம்மா."

"ஆற்றையா இருந்தா என்ன? மனிசி பாவம், வரேக்கை பளிச்செண்டு இருந்தாச் சந்தோசப்படுவா. நீ கழுவித் தா, நான் துடைக்கிறன்."

அம்மாவை நான் குறை சொல்லமாட்டேன். கிண்ணத்தைத் தூக்கியது என் கை. சிங்கில் கவிழ்த்துக் குழாயை முழுதாகத் திறந்துவிட்டேன். சாம்பல், எரிந்து முடிந்த ஊதுபத்தித் துண்டுகளோடு கரைந்து ஓடியது. அடியில் இறுகிப்போயிருந்ததைக் கம்பிப் பஞ்சால் உரசி எடுத்தேன். கிண்ணம் வெள்ளைவெளேரென்று வந்தது. ஊதுபத்தி நிற்கவேண்டுமே என்று புது அரிசியை நிரப்பி, எவ்வளவு கெட்டிக்காரி நான் என்று எனக்கே தோன்ற, பழைய இடத்தில் வைத்தேன்.

மறுநாள் மாமி வோக்கரைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லக் குசினிக்குள் வந்தார். கிண்ணத்தைப் பார்த்தார். ஒரு விரலால் அரிசியைத் தொட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "சுத்தமாக இருக்கிறது. நன்றி" என்றார். நான் கொடுத்த தேநீரை அப்படியே வைத்துவிட்டுத் தன் அறைக்குத் திரும்பினார். ஒப்பரேஷன் செய்த உடம்புதானே என்று நினைத்தேன்.

அடுத்த முதலாம் நாள் மாமி ஊதுபத்தி ஏற்றவில்லை. பதினைந்தாம் நாளும் இல்லை. கணவரிடம் சொன்னேன். "சாம்பல்தானே? கொளுத்தக் கொளுத்தத் திரும்ப வரும்" என்றார். அந்த மனிதருக்குத் தன் தாயைப்பற்றித் தெரிந்தது அவ்வளவுதான்.

அந்தக் கோடையில் மிசிசாகாப் பூங்கா ஒன்றில் ஒகினாவாக்காரர்கள் ஒன்றுகூடினார்கள். ஆளுக்கொரு சாப்பாடு, ஊதாநிற வற்றாளங்கிழங்கு, பன்றி வதக்கல், ஒரு மூலையில் யாரோ மூன்று தந்தி வாத்தியம் மீட்டினார்கள். மாமி வரவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு வயதான அன்ரியிடம் பேச்சுவாக்கில், கிண்ணத்தை மினுக்கிவைத்ததைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் கையிலிருந்த தட்டைப் புல்லில் வைத்துவிட்டார்.

அவர்தான் விளக்கினார். தனிக்குடித்தனம் போகிற மருமகள் தன் மாமியாரின் கிண்ணத்திலிருந்து மூன்று சிட்டிகை சாம்பல் எடுத்துப் போவாள். பிறகு அவள் ஏற்றுகிற ஊதுபத்தியெல்லாம் அதன் மேல் விழுந்து சேரும். அடியில் கிடக்கிற அந்த மூன்று சிட்டிகைதான் மூத்தவர்களிடம் போகிற வழி. மாமி அதை ஒரு தேயிலைப் பேணியில் போட்டு, துவாயில் சுற்றி, கடல் தாண்டிக் கொண்டுவந்திருக்கிறார். கம்பிப் பஞ்சால் நான் உரசி எடுத்தது அதைத்தான்.

திருநீறு பூசி வளர்ந்தவள் நான். எங்கள் கல்யாணத்தன்று றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில் ஐயர் திருநீறு தந்தபோது, "இது யார் வீட்டு அடுப்புச் சாம்பல்?" என்று மாமி கேட்டார். எங்கள் ஆட்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அன்றைக்காவது எனக்கு உறைத்திருக்கவேண்டும். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் என்னையே அடிக்கவேண்டும் போலிருந்தது.

அந்த வழிச் சாம்பலில் ஒரு சிட்டிகையாவது கிடைக்காதா என்று பிறகு ஓடாத ஓட்டமில்லை. ஒகினாவாவில் மாமனார் பிறந்த வீட்டை எப்போதோ இடித்துக் கார் நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள். மாமியின் தங்கை ஒகினாவாவில் இருக்கிறார், அவரிடமும் ஒரு கிண்ணம் உண்டு. ஆனால் அது அவர் புகுந்த வீட்டுச் சாம்பல், அந்த வழி வேறு வீட்டுக்குப் போகும். இந்தக் காலத்தில் சாம்பலைப் பையில் அடைத்து இணையத்தில் விற்கிறார்கள். அதையும் வரவழைத்துக் கிண்ணத்தில் நிரப்பினேன். கோதுமை மா மாதிரி இருந்தது. என் மனம் நோகக்கூடாதென்று மாமி ஒரே ஒருமுறை ஏற்றினார். எங்கள் பெயர்களையோ முகவரியையோ ஒப்பிக்கவில்லை. பத்தி எரிந்து முடியும் வரைக்கும் நின்றுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

அவருடைய மொழியிலேயே மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று எனக்குப் பிடிவாதம் வந்தது. சனிக்கிழமை காலைகளில் கணினி வழியாக நடக்கும் வகுப்பொன்றில் சேர்ந்தேன். நாக்கைப் புரட்டிப் புரட்டி மூன்று மாதம் பழகி, ஒருநாள் அவர் முன்னால் முழங்காலில் இருந்து கேட்டேன். மாமி என் கன்னத்தைத் தொட்டு, "நல்ல பிள்ளை" என்றார், ஆங்கிலத்தில். கோபம் என்றும் சொல்லவில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. என் அம்மாவாக இருந்தால் ஒரு கிழமை வாய் ஓயாமல் ஏசித் தீர்த்திருப்பார், அதோடு போயிருக்கும். இந்த மௌனத்தை நான் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? வகுப்பை மட்டும் விடாமல் தொடர்ந்தேன்.

போன மாதம் மாமியின் இதயம் பலவீனமாகிவிட்டது, இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார். அந்த ஞாயிறு காலை ஒகினாவாவிலிருந்து மாமியின் தங்கை தொலைபேசியில் கூப்பிட்டார். மாமிக்குக் காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில்தான் பேசுவார். நான் முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். வழக்கமாக அவர்களின் பேச்சில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் எனக்குப் பிடிபடும். அன்று தங்கை அழுதழுது மெதுவாகப் பேசியதால் எல்லாம் விளங்கியது.

"நீ போய்விட்டால் உன் புகுந்த வீட்டு மூத்தவர்களுக்கு யார் சொல்வது?"

"ஒருவரும் சொல்லமாட்டார்கள்" என்றார் மாமி. "அவர்களைப் பொறுத்தவரை நான் சாகவே போவதில்லை. கூப்பிட்டுப் போக ஒருவரும் வரவும் மாட்டார்கள்."

குரலில் அழுகை இல்லை, என்மேல் குற்றச்சாட்டும் இல்லை. இத்தனை நாள் படித்து, அந்த மொழியில் முழுதாக எனக்கு விளங்கிய முதல் பேச்சு அதுதான். அடுத்த சனிக்கிழமை நான் வகுப்புக்குப் போகவில்லை.