இருபத்திரண்டு எம்.எம்.

பிளஸ் டூவில் கணக்கில் நல்ல மார்க். அந்த மண்டைக்கனத்தோடுதான் ஒரகடம் பக்கத்து ரப்பர் கம்பெனியில் சேர்ந்தேன். இயந்திர மூடிகளில் எண்ணெய் கசியாமல் இருக்க உள்ளே ஒரு ரப்பர் வளையம் உட்காரும். அது எங்கள் லைனில் தயாரானது. ஏழு எம்.எம். தடிமனுள்ள ரப்பர் கயிற்றை நான் அளந்து வெட்டுவேன். எதிரே உட்காரும் அக்கா இரண்டு முனைகளையும் பசை போட்டு ஒட்டி வளையமாக்குவாள்.

அக்காவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். அடிக்கிற புருஷனை விட்டு வந்து, படப்பையில் இன்னும் மூன்று பெண்களோடு ரூம் எடுத்திருந்தாள். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், ஊறுகாய் வேண்டுமா என்று கேட்கிற குரலில் சொன்னாள்: "இந்த வேல போச்சுன்னா அந்த மனுசன் வீட்டுக்குத்தான் போவணும், பிள்ள." நான் ஊறுகாயை வாங்கிக்கொண்டேன்.

புது ஆர்டர் வந்தது. இரண்டு அளவு வளையம். வரைபடத்தில் சின்னதற்கு உள்விட்டம் இருநூற்று எண்பது, பெரியதற்கு நானூற்று இருபது. என்ன நீளம் வெட்டுவது என்று சூப்பர்வைசர் என்னிடம்தான் கேட்டார். சுற்றளவு என்றால் பை பெருக்கல் விட்டம், இது தெரியாதா? இருபத்திரண்டால் பெருக்கி ஏழால் வகுத்தேன். எண்ணூற்று எண்பது, ஆயிரத்து முந்நூற்று இருபது. அவர் சார்ட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டு, சுவரில் ஒட்டினார்.

முதல் நாளே அக்கா ஒரு வளையத்தை மாதிரி மூடியில் மாட்டிப் பார்த்தாள். இழுத்துத்தான் மாட்ட வேண்டியிருக்கிறது, கணக்கை இன்னொரு தடவை பார் என்றாள். எனக்குச் சுரீரென்றது. எட்டாவது படித்தவள் எனக்குக் கணக்குச் சொல்ல வந்துவிட்டாளா?

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நீ ஒட்றத ஒழுங்கா ஒட்டுக்கா."

லைனே சிரித்தது. அவளும் சிரித்தாள். அப்புறம் கேட்கவில்லை.

சில வாரங்களில் வளையங்கள் பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தன. ஒட்டு விட்டுப்போய் எண்ணெய் கசிந்ததாம். ஒட்டு விட்டால் ஒட்டியவள் தப்பு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று எல்லோரும் பேசினார்கள். மறுநாள் மதியம் ஆபீஸுக்கு வரும்படி அக்காவிடம் சொல்லிவிட்டார்கள். அவள் அன்று டிபன் டப்பாவைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை, திரும்பி வந்த சின்ன வளையம் ஒன்றை இழுக்காமல் நேராக வைத்து அளந்தேன். எண்ணூற்று எண்பது, நான் எழுதியதுதான். ஆர்டர் கொடுத்தவர்கள் மாதிரிக்குத் தந்த வளையத்தின் மேல், தடிமனின் நடுவாகச் சுற்றிலும் நூல் ஓட்டி அளந்தேன். தொள்ளாயிரத்து இரண்டு. பெரியதையும் அப்படியே பார்த்தேன். அதிலும் சரியாக இருபத்திரண்டு குறைவு. ரப்பர் சுருங்கியிருந்தால் பெரியதில் அதிகமாகவும் சின்னதில் கம்மியாகவும் அல்லவா சுருங்கியிருக்கும்?

பென்சிலை எடுத்தேன். உள்விட்டம் என்பது கயிற்றின் உள்ளோரம் வரைக்கும்தான். கயிற்றுக்கு ஏழு எம்.எம். தடிமன் இருக்கிறதே! நடுக்கோடு வரைக்கும் இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி என்று அந்த ஏழையும் விட்டத்தோடு கூட்டிவிட்டுத்தான் பையால் பெருக்கியிருக்க வேண்டும். விட்டுப்போன ஏழை பையால் பெருக்கினால் இருபத்திரண்டு. வட்டம் எவ்வளவு பெரிதானாலும் இந்தக் குறை மாறாது. நீளம் குறைந்த வளையத்தை இழுத்து மாட்டியிருக்கிறார்கள், சூட்டில் ஒட்டு விட்டிருக்கிறது. அக்கா கை வைத்த உடனே சொன்னதுதான். அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

சூப்பர்வைசரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நான் கணக்குப் போட்ட தாளை நாலாக மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

"இப்போ வந்து சொல்றியேம்மா. சார்ட்ல என் கையெழுத்து கீது. நீயும் போவணும், நானும் போவணுமா? ஒருத்தியோட முடியட்டும்."

மதியம் ஆபீஸுக்கு என்னையும் கூப்பிட்டார்கள். அக்கா சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். ஒட்டுவதில் தப்பில்லை, வளையம்தான் சின்னது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மேனேஜர் என்னைப் பார்த்து, அளவு சரிதானே என்று கேட்டார். அக்காவும் என்னைப் பார்த்தாள்.

"நீ சொல்லு பிள்ள" என்றாள்.

"சரிதான் சார்" என்றேன்.

அன்றைக்கே அவளுக்குக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். கேட்டில் கார்டைக் கொடுத்துவிட்டு ரோட்டைத் தாண்டி, ஷேர் ஆட்டோ நிற்கும் இடத்தில் போய் நின்றாள். ஓடிப்போய் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எந்த வண்டியில் ஏறினாள் என்றுகூடத் தெரியாது.

அடுத்த நாள் சுவரில் புது சார்ட் இருந்தது. தொள்ளாயிரத்து இரண்டு, ஆயிரத்து முந்நூற்று நாற்பத்திரண்டு. எதிர் இருக்கையில் புதிதாக ஒரு பெண். அவள் ஒட்டிய வளையம் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. நல்ல கை என்று மேனேஜரே வந்து பாராட்டினார். ஒட்டும் ஆளை மாற்றியதும் குறை சரியாகிவிட்டது என்று சூப்பர்வைசர் ரெஜிஸ்டரில் எழுதி என்னிடம் நீட்டினார். அளவு எடுத்தவர் என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.