வடக்கு ஜன்னலும் ஒரு வோட்டர்கலரும்

1. வெயில் வந்த புதன்கிழமை

பகல் பதினொன்றரை மணி. நான் ஓவியக் கலரியில் ஏணியில் நின்று ஸ்பொட் லைற்றின் பல்பை மாற்றிக்கொண்டிருந்தேன். ஜூலை மாதம். மெல்பேர்னில் ஒரு வாரமாக மூடிக் கிடந்த வானம் அன்றுதான் திறந்தது. திரும்பிப் பார்த்தால் எதிர்ச் சுவரில் ஒரு பாய் அளவுக்கு வெயில். அதன் நடுவில் பத்தொன்பதாம் நூற்றாண்டு வோட்டர்கலர் ஓவியம் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

இறங்கிப்போய், வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீற்றரைப் பிடித்தேன். நாலாயிரத்துக்கு மேல் காட்டியது. வோட்டர்கலருக்கு எங்கள் விதி, ஐம்பதைத் தாண்டக் கூடாது.

வெளிச்சம் நிறத்தைத் தின்னும். தின்றதைத் திருப்பித் தராது. தண்ணீர் பட்டால் துடைக்கலாம், ஃபிரேம் உடைந்தால் ஒட்டலாம், இதற்கு வைத்தியம் கிடையாது. அந்தப் படம் ஒரு மூதாட்டியின் வீட்டிலிருந்து ஆறு வாரத்துக்கு இரவல் வாங்கியது.

றிஸ்வி நானா வந்தார். காத்தான்குடிக்காரர், எங்கள் குழுவுக்குப் பெரியவர், முப்பது வருடமாகப் படம் மாட்டுகிறவர்.

“என்ன ஐசே, பேயக் கண்ட மாதிரி நிக்கிறீங்க?”

“நானா, இதப் பாருங்கோ.”

மீற்றரைப் பார்த்தார். படத்தைக் கழற்றி நிழல் சுவரோடு சாய்த்து வைத்தார். பிறகுதான் கேட்டார்.

“மாட்டின அண்டைக்கு எவ்வளவு காட்டின?”

“நாப்பத்தெட்டு.”

“மூணு நேரமுமா?”



2. மூன்று கட்டங்கள்

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஓரிடத்தில் இருக்கவும் முடியாதவன். வில்லாவுட் அகதித் தடுப்பு முகாமை விட்டு வெளியே வந்த பிறகு திராட்சைத் தோட்டம், கோழித் தொழிற்சாலை, வீடு மாற்றும் லொறி என்று சுற்றினேன். லொறியில் ஒருநாள் இந்தக் கலரிக்குப் பெட்டி இறக்க வந்தவன், கூப்பிடும் நாளுக்கு மட்டும் கூலி என்று அப்படியே கஷுவலாக ஒட்டிக்கொண்டேன். பெட்டி தூக்கத் தெரியும், பேசாமல் இருக்கத் தெரியும். அப்போதைக்கு அது போதுமாக இருந்தது.

படம் மாட்டும் நாளில் ஒரு தாள் நிரப்ப வேண்டும். காலை, நண்பகல், பின்னேரம் என்று அதில் மூன்று கட்டங்கள். மூன்று தரம் அளந்து எழுதி, கீழே கையெழுத்து வைக்க வேண்டும். நான் காலை ஒன்பது மணிக்கு அளந்தேன். வெளியே மழை. 48. அன்று இறக்க வேண்டிய பெட்டிகள் இன்னும் பதினான்கு இருந்தன. மற்ற இரண்டு கட்டங்களிலும் 47, 48 என்று எழுதினேன். எல்லாவற்றிலும் ஒரே எண் இருந்தால் சந்தேகம் வரும் என்பதற்காக அந்த 47.

இதில் எனக்கே வெட்கமான விஷயம் ஒன்று உண்டு. வில்லாவுட்டில் பதினொரு மாதம் நான் பார்த்த வேலை, சுவரில் வெயில் நகர்வதைப் பார்ப்பதுதான். எந்த மாதம் எந்தச் செங்கல்லில் வெயில் வரும் என்று சொல்லக்கூடியவனாக இருந்தேன். அதே ஆள்தான் பிறகு ஒன்பது மணி வெளிச்சத்தை மூன்று மணிக்கும் எழுதிக் கையெழுத்து வைத்தான்.

3. நானாவின் யோசனை

“ஹெலனுக்குச் சொல்ல வாணாம்” என்றார் நானா. ஹெலன் கண்காட்சியை அமைக்கும் எங்கள் கியூரேற்றர், லண்டனிலிருந்து வந்து மூன்று மாதம். “புதுத் தாள் ஒண்டு நிரப்புவம். ஜன்னலுக்குப் பிளைண்டக் கட்டி, ஒழுங்கா அளந்து, பழைய திகதியப் போடுவம். ஒரு மணித்தியாலம் வெயில் பட்டதுக்கு ஆரும் சாகப்போறல்ல.”

“ஒரு மணித்தியாலம் இல்ல நானா. ஒரு வாரமாத் தொங்குது. மழையிலயும் மத்தியானத்தில எவ்வளவு வந்ததெண்டு ஒருத்தருக்கும் தெரியாது.”

“அதான் சொல்றன். ஒருத்தருக்கும் தெரியாது.”

“உங்களுக்கு என்ர வேலை போறது விருப்பமில்ல. அதுதானே?”

“ஏணி புடிக்க ஆள் வேணும் மனுசா.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்கு அந்த வேலை வேண்டும். மெல்பேர்ன் ஓரத்து டார்னெய்ட்டில் நாலு பேரோடு ஒரு அறையில் இருந்தேன். ஆனால் ஒரு படம் எத்தனை மணி நேரம் எவ்வளவு வெளிச்சம் வாங்கியது என்று கலரிக்காரர் ஒரு கணக்கு வைப்பார்கள். கூடுதலாக வாங்கிய படத்தை அடுத்த சில வருடம் இருட்டில் ஓய்வாக வைப்பார்கள். நான் பொய்த் தாள் வைத்தால் அந்தப் படத்துக்கு ஓய்வு கிடைக்காது. அடுத்த கண்காட்சியிலும் அதை நன்றாக இருக்கிற படம் என்று நம்பி மாட்டுவார்கள். நான் செய்ததன் மேல் இன்னொருவர் செய்வார்.

“போட்டு வாறன் நானா” என்று மாடிக்குப் போனேன்.

4. இரண்டு பேரின் பிழை

வெயில் பட்டதைச் சொல்லித் தாளைக் கொடுத்தேன். ஹெலன் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “மற்ற இரண்டு எண்களும்?” என்று கேட்டார். “நான் கற்பனையில் எழுதினேன்” என்று சொல்ல நினைத்தேன். அதற்குச் சரியான இங்கிலிஷ் சொல் வராமல், “நான் அவற்றைச் செய்தேன்” என்றுதான் சொன்னேன். அவருக்குப் புரிந்தது.

அவர் தன்னுடைய பிளானை எடுத்து மேசையில் விரித்தார். அந்த அறைக்குப் பக்கத்தில் அவர் கையால் எழுதியிருந்தது: ‘வடக்கு ஜன்னல். மென்மையான ஒளி. நேர் வெயில் வராது. மெல்லிய பிளைண்ட் போதும்.’

அதை ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய ஊரில் சூரியன் எப்போதும் தெற்கால் போகும். ஓவியர்கள் வடக்குப் பக்கம் ஜன்னல் வைத்த அறையைத் தேடிப் பிடிப்பார்கள். இங்கே எல்லாம் தலைகீழ். குளிர்காலத்தில் வெயில் வடக்கே தாழ நின்று அறையின் கடைசிச் சுவர் வரை வரும்.

“இருபது வருடம் இந்த வேலை” என்றார், தனக்கே சொல்வதுபோல.

நான் அவருக்கு என் கதையைச் சொன்னேன். முகாமை விட்டு வந்த முதல் குளிர்காலம் மில்டூராவில் திராட்சைக் கொடி வெட்டப் போயிருந்தேன். தெற்கே மெயின் ரோட்டுக்கு நடக்க வேண்டும். வன்னியில் மார்கழி, தை மாதங்களில் மத்தியான வெயில் தெற்கே சாய்ந்திருக்கும். அந்த நினைப்பில் சூரியனை நோக்கி நாலு மணித்தியாலம் நடந்தேன். ரோட்டு வரவில்லை. வந்தது வேறொருவருடைய தோட்டமும் இரண்டு நாயும்.

ஹெலன் சிரிக்கவில்லை. “நாய்கள் கடித்தனவா?” என்று மட்டும் கேட்டார்.

5. மவுண்டுக்குள் இருந்த நீலம்

பாதிப்பைப் பார்க்க அன்று பின்னேரமே ஃபிரேமைத் திறந்தோம். படம், மெல்பேர்னுக்குத் தென்மேற்கே உள்ள யூ யாங்ஸ் மலை. முன்னால் மஞ்சள் புல், மேலே சாம்பல் வானம். சுவரில் அதன் பக்கத்தில் ஒட்டிய விளக்கத்தில், இந்த ஓவியர் புதிதாக வந்தவர், இங்கத்தைய நீலம் அவர் கண்ணுக்குப் பழகவில்லை, தன் ஊர் வானத்தையே இங்கும் வரைந்தார் என்று ஹெலன் எழுதியிருந்தார்.

நானா படத்தைச் சுற்றியிருந்த மவுண்ட் அட்டையை மெல்லத் தூக்கினார். அதன் விளிம்பு மூடியிருந்த வானத்தில், ஒரு விரல்நகம் அகலத்துக்கு, கடுமையான நீலம். அன்று ஜன்னலுக்கு வெளியே இருந்த அதே நீலம்.

மூன்று பேரும் குனிந்தபடி நின்றோம்.

“இந்தாள் சரியாத்தான் கீறியிரிக்கார்” என்றார் நானா. “வெயில்தான் திண்டிரிக்கி.”

ஹெலன் உரிமையாளரான மூதாட்டியிடம் ஃபோனில் எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னார். அந்தப் படம் அவருடைய தாயாரின் சாப்பாட்டறையில் ஐம்பது வருடம் ஜன்னலுக்கு எதிரே தொங்கியதாம். ‘உங்கள் ஒரு வாரம் அதற்கு முன்னால் எம்மாத்திரம்’ என்றாராம். ஆனால் படத்தைத் திருப்பி மாட்ட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். அந்தச் சுவர் கண்காட்சி முடியும்வரை காலியாகவே இருந்தது. ஹெலன் விளக்கத்தைத் திருத்தி, தன் பிழையையும் சேர்த்து எழுதி, அந்தக் காலி இடத்தில் ஒட்டினார்.

எனக்கு வார்னிங் லெட்டர் வந்தது. ஆறு வாரம் ஷிஃப்ட் இல்லை. பழைய கோழித் தொழிற்சாலைக்கே போனேன்.

6. லாரா ஸ்டேஷன்

ஃபிரேமைத் திறந்த அன்று படத்தின் பின்பக்கத்தில் கண்ட, ஓவியர் பென்சிலால் எழுதிய குறிப்பை நான் மறக்கவில்லை: ‘தெற்கிலிருந்து பார்த்தது, ஜூலை, நண்பகல்.’ படத்தில் மலையின் முகம் முழுக்க மஞ்சள் வெயில். எனக்கு அதில் ஏதோ இடித்தது.

ஜூலை முடியுமுன், கோழி வேலை இல்லாத ஒரு நாள் டார்னெய்ட்டில் ரயில் ஏறி லாராவில் இறங்கினேன். மலைக்குத் தெற்குப் பக்கம். ஊர் எல்லையில் ஒரு கம்பி வேலியோரம் நின்று பன்னிரண்டு மணிவரை பார்த்தேன். சூரியன் மலைக்கு மேலே நின்று என் கண்ணில் அடித்தது. மலையின் முகம் முழுக்க நிழல், மையூற்றினதுபோலக் கறுநீலம். அந்த மாதத்தில், அந்த நேரத்தில், அந்தப் பக்கம் படத்தில் உள்ளதுபோல மஞ்சளாக ஒளிரவே முடியாது.

வானத்தை அவர் பார்த்துக் கீறியிருக்கிறார். மலையின் வடிவத்தையும் பார்த்துத்தான் கீறியிருக்கிறார், ஒவ்வொரு மேடும் சரி. வெயிலை மட்டும் அறைக்குப் போய், தன் ஊர்ப் பழக்கத்தில் நிரப்பியிருக்கிறார். முதுகுக்குப் பின்னால், தெற்கிலிருந்து.

ஆறு வாரம் கழித்து வேலைக்குத் திரும்பியதும் நானாவிடம் இதைச் சொன்னேன்.

“அப்ப அவருக்கும் ஒரு வார்னிங் லெட்டர் குடுக்கோணும்” என்றார். பிறகு ஏணியை என்னிடம் தள்ளினார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான். மூன்று தரமும் அளந்து எழுதுங்கள். நேரமில்லாமல் போனால் கட்டத்தை வெறுமையாக விட்டுக் கையெழுத்து வையுங்கள். வெறும் கட்டத்தைப் பார்த்தால் யாராவது மீற்றரை எடுத்துக்கொண்டு வருவார்கள். 47 என்று எழுதியிருந்தால் ஒருவரும் வரமாட்டார்கள்.