உதட்டிடுக்கில் ஒரு ஸ்க்ரூ

அவர் பெயர் எனக்குத் தெரியாது. டோல்கேட் பக்கத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர் கடையில்தான் பார்த்தேன். நரைத்த தாடி, சட்டைப்பையில் டெஸ்டர், உதட்டிடுக்கில் ஒரு ஸ்க்ரூ. அதை எடுக்காமலே பேசுவார்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் மைக் பிடித்து வானிலை எச்சரிக்கை சொல்வது என் வேலை. லினக்ஸ் போட்ட ஒரு கம்ப்யூட்டர் வழியாகத்தான் என் குரல் ஒலிபெருக்கிக்குப் போகும். அன்று மதியம் அதில் சவுண்ட் செத்துப்போயிற்று. கடலில் சூறைக்காற்று என்று தகவல் வந்திருந்தது. விசைப்படகுகளோ ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தன.

கடையிலிருந்த சவுண்ட் கார்டுகளில் ஒன்றே ஒன்றுதான் லினக்ஸுக்கு ஒத்துவரும். நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் அதை அவர் வாங்கிக் கையில் வைத்திருந்தார்.

"என் மிசினும் லினக்ஸ்தான் நைனா. நாளைக்கு ஒரு கல்யாணத்துல பாட்டு போடணும். தரமாட்டேன்."

"கடல்ல சூறக்காத்து வருது, போட்டுங்க எல்லாம் கெளம்பிகினு கீதுண்ணே. மைக்ல சொல்லணும்."

முறைத்தார். "சரி, நட. நானே வந்து மாட்றேன். ஆனா ஸ்க்ரூ போடமாட்டேன். நீ பேசி முடிச்சதும் புடுங்கிகினு பூடுவேன்."

செருகிய கார்டு ஆடாமலிருக்க விரலால் அழுத்திப் பிடித்தபடியே நின்றார். நான் தொண்டை கட்டும்வரை எச்சரிக்கையைச் சொன்னேன். முகத்துவாரம்வரை போய்விட்ட படகும் திரும்பியது.

"முடிஞ்சுதுண்ணே, எடுத்துக்கோங்க."

ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தார். "காத்து நின்னுச்சா இன்னா?" என்று எரிந்து விழுந்தார். உதட்டிலிருந்த ஸ்க்ரூவை எடுத்துக் கார்டை முடுக்கிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் அந்தக் கல்யாண வீட்டில் அவர் என்ன பேச்சு வாங்கினாரோ!