காலி ஓடும் இரண்டு டம்ளர் அரிசியும்

என் அக்கா நண்டுப் பண்ணையில் வேலை பார்க்கிறாள். அங்கே அவளுக்கு 'இடுக்கி' என்று பெயர், பிடித்ததை விடமாட்டாள். பதினேழு வருடமாக அந்த வேலையையும், இருபத்திரண்டு வருடமாக என் மாமாவையும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறாள். மாமா சரக்குக் கப்பலில் சமையல்காரர். பிடி இவள் கையில், ஆள் கடலில்.

நானும் அதே பண்ணையில்தான், எடை போடும் மேசையில். கொட்டகைக்குள் தொள்ளாயிரம் பிளாஸ்டிக் பெட்டிகள். உப்புத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். பெட்டிக்கு ஒரு நண்டு. இரண்டை ஒன்றாகப் போட்டால், சட்டை உரித்தவனை உரிக்காதவன் தின்றுவிடுவான். நண்டு, இறால், சிங்கி இறால் எல்லாம் ஒரே வம்சம். எலும்பை வெளியே போட்டுக்கொண்டு திரிகிற கூட்டம். அந்த ஓடு வளராது. உடம்பு பெருக்க வேண்டுமென்றால் பழைய ஓட்டைக் கழற்றி எறிந்தாக வேண்டும். இழந்த காலும் அப்போதுதான் சின்னதாகத் திரும்ப முளைத்து வரும். கழற்றின கையோடு உடம்பு வெண்ணெய் மாதிரி மெத்தென்றிருக்கும். அந்த மெத்தென்ற நண்டுக்குத்தான் கிராக்கி. இரண்டு மூன்று மணி நேரம் விட்டால் தோல் இறுக ஆரம்பித்துவிடும். அதனால் அக்கா மணிக்கொரு தரம் பெட்டி பெட்டியாக எட்டிப் பார்த்துக்கொண்டே நடப்பாள்.

கழற்றிப் போட்ட ஓட்டைப் பார்த்தால் யாரும் ஏமாந்துபோவார்கள். கால், கொடுக்கு, கண், செவுள் உறை வரை அப்படியே இருக்கும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள், "இந்தப் பெட்டியில ரெண்டு நண்டு இருக்குக்கா!" என்று கத்துவார்கள். அக்கா சிரித்துக்கொண்டே, "ஓடு கெடந்தா நண்டு பக்கத்துலதான் இருக்கும், தேடு" என்பாள்.

பதினாலு மாதம் கழித்து, போன மாதம் மாமா வந்தார். மூன்று நாள் விடுப்பு. யானைப் பசிக்குச் சோளப்பொரி. அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவாரா மாட்டாரா என்று திங்கட்கிழமை காலைக்குள் அவர் சொல்லியாக வேண்டும். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கேன்டீனில் சமையலுக்கு ஆள் தேடினார்கள். அக்கா போய் விசாரித்தே வைத்திருந்தாள். இந்த முறை அவர் வீட்டோடு இருந்துவிட வேண்டும். அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

வந்தார், இருந்தார், அவ்வளவுதான். இவ்வளவு அகலக் கட்டிலில் தூக்கம் வரவில்லை என்று சுவரோரமாக ஒட்டிப் படுத்தார். எதைக் கேட்டாலும் "ம்" என்றார். கேன்டீன் பேச்சை எடுத்தால் ஜன்னலைப் பார்த்தார்.

சனிக்கிழமை அக்கா வேலைக்கு வந்தாள். மத்தியானம் அவள் நிரப்பிய ஐஸ் தட்டு என் மேசைக்கு வந்தது. ஒன்றை எடுத்தேன், கையில் கனமே இல்லை. காலி ஓடு. ஓட்டை ஐஸில் அடுக்கிவிட்டு நண்டைப் பெட்டியிலேயே விட்டிருக்கிறாள். ஒரு வாரம் வேலை பார்த்தவர்கூடச் செய்யாத தப்பு.

"என்ன இடுக்கி, இன்னிக்கு ஓட்டை விக்கிறதா உத்தேசமா?" என்றார் மேற்பார்வையாளர். எல்லோரும் சிரித்தார்கள்.

அக்கா என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போனாள். "வீட்டுக்கும் அதாண்டி வந்திருக்கு. வெறும் ஓடு."

எனக்கு மாமா மேல் பற்றிக்கொண்டு வந்தது. அவரை நாலு வார்த்தை திட்டலாம் என்றுதான் வாயைத் திறந்தேன், வந்தது வேறு. "ஓடு கெடந்தா நண்டு எங்க இருக்கும்? நீதான சொல்லுவ. போய்த் தேடுக்கா."

அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினாள். நானும் கூடப் போனேன். வீட்டில் இருந்த பாத்திரம் பூராவும் சோறு. குண்டானில், குக்கரில், குழம்புச் சட்டியில்கூட. நடுவில் மாமா கரண்டியோடு நின்றார்.

"நீ வர்றதுக்குள்ள சமைச்சு வெக்கலாம்னு பார்த்தேன்..." என்று ஆரம்பித்தவர் சுற்றியிருந்த பாத்திரங்களைப் பார்த்தார். "ரெண்டு பேருக்கு எவ்வளவு போடணும்னு மறந்துபோச்சும்மா. கை தானா முப்பது பேருக்கு அள்ளுது" என்றார். நின்றபடியே அழுதார். இத்தனை வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

அக்கா அவர் கையிலிருந்து கரண்டியை வாங்கி வைத்தாள். "ரெண்டு டம்ளருங்க. அவ்வளவுதான்" என்றாள். மறுநாள் மத்தியானம் வரை தெருவே அந்தச் சோற்றைத் தின்றது.

திங்கட்கிழமை அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். இன்னும் ஒரே ஒரு தடவை, இதோடு சரி என்றாராம். "நண்டு கொழுத்தா வளையில தங்காதுன்னு சும்மாவா சொன்னாங்க" என்றேன்.

"வாயை மூடுடி. அவரு கொழுத்துப்போயா போறாரு? பெல்ட்டுல புதுசா ரெண்டு ஓட்டை போட்டிருக்காரு, பார்த்தியா நீ?" என்று சண்டைக்கு வந்தாள்.

இப்போது வீட்டில் அவள் ஒருத்தி. நேற்றுப் போனபோது அரிசி களைந்துகொண்டிருந்தாள். இரண்டு டம்ளர்.

"ஒருத்திக்கு எதுக்குக்கா இவ்வளவு?"

"எனக்கும் மறந்துபோச்சுன்னா?" என்றாள், தலை நிமிராமல். "அவரு வந்தா யாரு சொல்றது?"