பெர்சி கொடுத்த பீப்பாய்

இங்கிலாந்தின் ஹெரிஃபோர்ட்ஷயரில் சாலைப் பள்ளங்களுக்குத் தார் ஊற்றும் வேலை பார்த்த எட்கர் பிராபர்ட்டுக்கு, மூன்றாவது வீட்டுப் பெர்சி கில்லமைப் பார்த்தாலே வயிறு எரியும். பெர்சி அவருக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை.

இருவரும் ஒரே தோட்டத்துக் கசப்பு ஆப்பிள்களைத்தான் பொறுக்கினார்கள். ஒரே செக்கில்தான் பிழிந்தார்கள். ஆனால் சாறு ஓக் பீப்பாயில் குளிர்காலம் முழுக்கக் கிடந்து புளித்து, சைடர் என்னும் ஆப்பிள் மதுவாகி வெளியே வரும்போது, பெர்சியுடையதற்குத்தான் பேர். பெர்சியின் பீப்பாய் முன்பு ரம் அடைத்து வைத்திருந்தது. புல் அறுப்பு முடிந்ததும் ஆட்கள் எட்கரின் வாசலைத் தாண்டிப் பெர்சி வீட்டுக்குப் போவார்கள். எட்கர் ஜன்னல் திரையை இழுத்துவிடுவார். ஒருமுறை ஒருவர் குடித்துவிட்டு முகம் சுளித்ததிலிருந்து அவர் தன் சைடரை வெளியாள் யாருக்கும் ஊற்றியதில்லை.

மனைவி மேவிஸ் ஒருநாள் பெர்சி வீட்டு விருந்திலிருந்து வந்து, "தொண்டையில எறங்குறதே தெரியல எட்கர்" என்று சாதாரணமாகச் சொன்னாள். எட்கர் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அந்த வருடம் சுவை கூடட்டும் என்று பீப்பாயில் உலர்திராட்சை போட்டார். அடுத்த வருடம் ஒரு துண்டு மாட்டிறைச்சி போட்டார். பீப்பாயை வேறு சுவரோரம் மாற்றி வைத்தார். எதுவும் அவருக்குத் திருப்தி தரவில்லை.

இப்படியே முப்பது வருடம் ஓடியது. பெர்சிக்கு முழங்கால் போய்விட, லெட்பரியில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்பினார். போகும்முன் அந்த ரம் பீப்பாயை ஒரு வண்டியில் ஏற்றி எட்கர் வாசலில் கொண்டுவந்து இறக்கினார்.

"ஒனக்குத்தான் இதோட அரும தெரியும். வச்சுக்க."

எட்கர் அதை உருட்டிக் கொட்டகைக்குள் கொண்டுபோனார். தானே கெஞ்சிக் கேட்டு வாங்கியிருந்தால்கூட அவருக்கு இவ்வளவு கூசியிருக்காது.

அந்த நவம்பரில் ஒரே சாற்றை இரண்டு பீப்பாயிலும் நிரப்பினார். ஜூனில், வாழ்நாளில் முதல்முறையாக, அறுப்பு ஆட்களைத் தானே கூப்பிட்டு ரம் பீப்பாயிலிருந்து ஊற்றினார். எல்லோரும் இரண்டாம் குவளை கேட்டார்கள். "பெர்சி பீப்பாய்னா சும்மாவா?" என்றார் ஒருவர். மற்றவர்கள் தலையாட்டினார்கள். முப்பது வருடம் ஏங்கிய பாராட்டு வந்தது. வேறொருவன் பேரில் வந்தது. எட்கர் எழுந்து கொட்டகைக்குள் போய், அந்தப் பீப்பாயை ஓர் உதை உதைத்தார். கால் வீங்கியதுதான் மிச்சம்.

செப்டம்பரில் பெர்சி பஸ் ஏறிப் பார்க்க வந்தார். எட்கர் எது எதிலிருந்து என்று சொல்லாமல், இரண்டு பீப்பாயிலிருந்தும் ஒவ்வொரு கிளாஸ் ஊற்றி முன்னால் வைத்தார். பெர்சி இரண்டையும் நிதானமாகச் சுவைத்து, இடப்பக்கக் கிளாஸைத் தட்டினார்.

"இதுதான் ஒசத்தி. இது ஓம் பழைய பீப்பாய்தானே?"

எட்கர் ஆமென்று தலையாட்டினார்.

"இத்தன வருசமா ஒரு வாய் குடிச்சுப் பாக்கணும்னு ஆச எனக்கு. நீ ஒருநாளும் கூப்பிட்டதில்ல. ஏம்மேல என்ன கோவம்னு தெரியாம நானும் கேக்கல."

கோபமில்லை என்றார் எட்கர். வேறென்ன என்று பெர்சியும் தோண்டவில்லை. மேவிஸ் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கொண்டுவந்து வைத்தாள். மாலைவரை மூவரும் பழைய கதை பேசிக்கொண்டிருந்தார்கள். பழைய பீப்பாயிலிருந்து ஒரு ஜாடி நிறையப் பிடித்துக் கொடுத்து, எட்கரே பெர்சியைப் பஸ் ஏற்றிவிட்டார். நெஞ்சு லேசாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து இரண்டு கிளாஸிலும் மிச்சமிருந்ததை மாற்றி மாற்றிக் குடித்துப் பார்த்தார். அவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

"அவனுக்கு மட்டும் எப்டி இப்பிடி ஒரு நாக்கு?" என்று மேவிஸிடம் கேட்டார். மறுபடியும் வயிறு எரிய ஆரம்பித்திருந்தது.